கடலை வென்ற கூஸ்தோ: குகைக்குள் தப்பிய உயிர்

மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. இதைப்போல இன்னும் ஆறு கோவில்கள் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வது உண்டு.

கடலுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, 2002-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆராய்ச்சிக்காரர்கள் இறங்கினார்கள். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும், இங்கிலாந்தில் இருந்து வந்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் இடிந்த சுவர்களையும், படிகளையும், செதுக்கிய கற்களையும் கண்டார்கள். ஆறு கோவில் கதை அதனால் முடிவாகிவிடவில்லை. ஆனால், கடலுக்குள் மனிதன் கட்டிய கட்டிடம் உண்டு என்பது தெரிந்தது.

அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கவில்லை. காற்று அடைத்த உருளையை முதுகில் கட்டிக்கொண்டு, மீனைப்போல நீந்திப் பார்த்தார்கள். மனிதனை மீனாக்கிய அந்தக் கருவியை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் ஜாக் கூஸ்தோ. அவருடைய கதைதான் இது.

கை ஒடிந்தது, வழி பிறந்தது

பிரெஞ்சு நாட்டில், போர்தோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரில், 1910-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி கூஸ்தோ பிறந்தார். 1930-ம் ஆண்டு கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த ஆசையில் மண் விழுந்தது. கார் விபத்து ஒன்றில் அவருடைய கைகள் ஒடிந்தன. உயிர் பிழைத்ததே பெரிது. விமானி வேலை போயிற்று.

கைக்கு வலு வருவதற்காகக் கடலில் நீந்தத் தொடங்கினார். அப்போது, கடற்படை நண்பர் பிலிப் தாய்யே, நீருக்குள் பார்ப்பதற்கான கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். ஆண்டு 1936. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூஸ்தோ தண்ணீருக்குள் முகத்தை வைத்தார். பாறைகள், பாசிகள், மீன்கள்! அடியில் வேறு ஓர் உலகமே இருந்தது. அன்று முதல் அவருக்கு வானம் மறந்து போயிற்று.

மாமனார் காட்டிய வழி

நம் தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டே மூழ்கினார்கள். ஓரிரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டியிருந்தது. மேல்நாட்டில் தலைக்கு உலோகக் குல்லாய் மாட்டி, படகில் இருந்து குழாய் வழியே காற்று அனுப்பினார்கள். குழாயின் நீளம் வரைதான் நடக்க முடியும். நாயைச் சங்கிலியில் கட்டியதுபோல!

கட்டு இல்லாமல் நீந்த வேண்டும் என்று கூஸ்தோ விரும்பினார்.

1937-ல் அவர் சிமோன் என்ற பெண்ணை மணந்தார். மாமனார், வாயுக்களைத் தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்றில் அதிகாரி. அவர் மூலமாக, அதே கம்பெனியில் வேலை பார்த்த எமில் கானியான் என்ற எஞ்சினீயரின் பழக்கம் கிடைத்தது.

அது இரண்டாவது உலகப் போர்க் காலம். எங்கும் பெட்ரோல் பஞ்சம். நம் ஊர்களில் கரிவாயு பஸ்கள் ஓடிய காலம் அது. பிரான்சிலும் கார்களை வாயுவால் ஓட்டினார்கள். எஞ்சினுக்குத் தேவையான அளவு மட்டும் வாயுவை விடும் அடைப்பான் ஒன்றைக் கானியான் செய்து வைத்திருந்தார். காருக்கு உதவுவது மனிதனுக்கு உதவாதா?

இருவரும் சேர்ந்து அதை மாற்றி அமைத்தார்கள். மூச்சை இழுத்தால் உருளையில் இருந்து காற்று வரும். இழுக்காவிட்டால் நின்றுவிடும். ஆழம் கூடக்கூட, நீரின் அழுத்தத்துக்கு ஏற்ற காற்றைத் தானே கொடுக்கும். முதலில் ஓர் ஆற்றில் இறங்கிப் பார்த்தபோது சரியாக வேலை செய்யவில்லை. குறையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 1943-ம் ஆண்டு ஜூன் மாதம் மத்தியதரைக் கடலில் கூஸ்தோ இறங்கினார். சிமோன் மேலே நீந்தியபடியே கணவரைக் கவனித்துக்கொண்டு வந்தார். கருவி வெற்றி பெற்றது!

கூரை உள்ள தண்ணீர்

கடலில் இறங்குகிறவருக்கு ஒரு தைரியம் உண்டு. ஆபத்து வந்தால் நேரே மேலே வந்துவிடலாம். தலைக்கு மேல் தண்ணீர். அதற்கு மேல் வானம்.

குகையில் அப்படி அல்ல. மாமல்லபுரத்து வராக மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மலையைக் குடைந்து செய்த மண்டபம். முன்பக்கம் மட்டும் திறப்பு. மேலே பாறை. அந்த மண்டபம் முழுவதும் தண்ணீர் நிறைந்திருந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பவர் மேலே போக முடியாது. வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். வாசல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் வரையில் ஓரளவு ஆபத்து குறைவு. வெளிச்சம் மறைந்துவிட்டால், வழிகாட்டுவது கயிறு ஒன்றுதான்.

இந்த உண்மையைக் கூஸ்தோ உயிரைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டார்.

கயிற்றைத் தவறாகப் படித்தார்கள்

தென் பிரான்சில் வோக்ளூஸ் என்ற ஊரில், மலை அடியில் ஒரு பெரிய ஊற்று இருக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் தண்ணீர் பொங்கிப் பெருகி ஓடும். பிறகு அடங்கிவிடும். காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஊற்றின் குகைக்குள் இறங்கிப் பார்த்துவிடுவது என்று கூஸ்தோ முடிவு செய்தார்.

1946-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி. கூஸ்தோவும் நண்பர் பிரெடரிக் துமாவும் இறங்கினார்கள். இருவரையும் ஒரு கயிறு பிணைத்தது. மேலே மோரிஸ் ஃபார்க் என்ற தோழர் வழிக் கயிற்றைப் பிடித்திருந்தார். மூன்று முறை இழுத்தால் இன்னும் கயிறு விட வேண்டும். ஆறு முறை இழுத்தால் உடனே தூக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

சுமார் 45 மீட்டர் ஆழம். கும்மிருட்டு. திடீரென்று இருவருக்கும் தலை சுற்றியது. எதற்காக வந்தோம் என்பதே மறந்தது. துமா மயங்கினார். கூஸ்தோ அவரை இழுத்துக்கொண்டு கயிற்றைப் பற்றி ஏறினார்.

அந்த அசைவை மோரிஸ் தவறாகப் புரிந்துகொண்டார். இன்னும் கயிறு கேட்கிறார்கள் என்று எண்ணி விட்டுக்கொண்டே இருந்தார். கூஸ்தோ ஏற ஏற, கயிறு இறங்கி வந்தது. ஏறக்குறைய 120 மீட்டர் கயிறும் உள்ளே போயிற்று!

கரையில் நிற்க மனம் பொறுக்காமல் சிமோன் ஊருக்குள் போயிருந்தார். முக்குளிக்க வந்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார் என்று யாரோ ஓடிவந்து கூவினார். அவருடைய முகக் கண்ணாடி என்ன நிறம் என்று சிமோன் பதறிக் கேட்டார். சொன்ன நிறம் கணவருடையது அல்ல. அப்பாடா என்று மூச்சு வந்தது. மறுகணம் நெஞ்சு துடித்தது. துமா குடும்ப நண்பர் அல்லவா!

நல்லவேளை, அது வீண் வதந்தி. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று கடைசியில் மோரிஸ் உணர்ந்தார். முழுப் பலத்தோடு கயிற்றை இழுத்தார். இருவரும் குற்றுயிராகக் கரை சேர்ந்தார்கள்.

காற்றே நஞ்சானது

அன்றே இறங்கிய இன்னும் இருவருக்கும் தலை சுற்றியது. சந்தேகம் வந்தது. உருளையில் மிஞ்சிய காற்றைச் சோதித்தார்கள். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கலந்திருந்தது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எப்படி வந்தது? காற்றை அடைக்கும் எந்திரம் புதியது. அந்த எந்திரம் விட்ட புகையையே, அது மறுபடி உறிஞ்சி உருளையில் அடைத்துவிட்டது! மேலே அது சிறிய அளவுதான். 45 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் ஐந்து மடங்குக்கு மேல்.

மலையையும் இருட்டையும் கண்டு பயந்தவர்களைக் கொல்லப் பார்த்தது, முதல் நாள் வீட்டிலேயே பார்த்துத் தீர்த்திருக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம். பயணத்துக்கு முன் காற்றைச் சோதிப்பது, கயிற்று மொழியைத் தெளிவாக வைத்துக்கொள்வது. தைரியத்தைவிட இவையே பெரியவை என்று கூஸ்தோ குழுவினர் கண்டுகொண்டார்கள்.

அவர்களைத் தூக்கிக் காப்பாற்றிய மோரிஸ், மறு ஆண்டு, 1947 செப்டம்பரில், 120 மீட்டர் ஆழம் வரை இறங்கும் முயற்சியில் உயிர் இழந்தார். அந்தத் துயரம் கூஸ்தோவை விட்டு அகலவில்லை.

வோக்ளூஸ் ஊற்றின் அடியை எந்த மனிதரும் காணவில்லை. 1985-ம் ஆண்டு ஓர் எந்திரத்தை இறக்கித்தான் 308 மீட்டர் ஆழம் என்று அறிந்தார்கள்.

தீவுகளை நோக்கி

1950-ல் ஒரு பழைய போர்க் கப்பல் கூஸ்தோவுக்குக் கிடைத்தது. கண்ணிவெடி அகற்றப் பயன்பட்ட மரக் கப்பல். அதன் பெயர் கலிப்சோ. ஒரு செல்வர் அதை வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்க் வாடகைக்குக் கொடுத்தார்!

செங்கடலுக்கும், இந்துமாக்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளுக்கும் கலிப்சோ சென்றது. அங்கே எடுத்த படம் 1956-ல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. மறு ஆண்டு ஆஸ்கார் பரிசும் பெற்றது. அந்தப் படத்தில் பவளப் பாறையை வெடி வைத்துத் தகர்ப்பதும், சுறாக்களைக் கொல்வதும் உண்டு. பிற்காலத்தில் பலர் அதைக் குறை கூறினார்கள். அதே கூஸ்தோதான் 1960-ல், அணுக் கழிவைக் கடலில் கொட்டக் கூடாது என்று போராடினார். கடலைப் பார்த்து வியந்தவர், கடலைக் காக்கிறவர் ஆனார்.

1970-களின் தொடக்கத்தில் மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ் நாட்டுத் தீவுகளுக்குப் போனார். அங்கே கடலின் நடுவே 300 மீட்டர் அகலமும், சுமார் 125 மீட்டர் ஆழமும் உள்ள வட்டமான நீலக் குழி இருக்கிறது. அதன் பக்கச் சுவர்களில் குகைகள். குகைக் கூரையில் சுண்ணாம்புக் கல் விழுதுகள் தொங்கின. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தால்தான் அப்படிப்பட்ட விழுது வளரும். அப்படியானால் அது ஒரு காலத்தில் காய்ந்த தரையாக இருந்திருக்க வேண்டும்! பனியுகத்தில் கடல் மட்டம் வெகு கீழே இருந்ததற்கு அது சாட்சி.

போகிறவர்கள் கவனத்துக்கு

இன்று அந்தமானுக்கும், லட்சத்தீவுக்கும், மாலத்தீவுக்கும் நம் பிள்ளைகள் முக்குளிக்கப் போகிறார்கள். பக்கத்தில் குகை இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. கூஸ்தோவுக்குப் பின் பல உயிர்களைக் கொடுத்து உலகம் எழுதிய விதிகளை அவர்கள் அறிய வேண்டும்.

கடலில் முக்குளிக்கத் தெரிந்தால் குகைக்கும் போதும் என்று எண்ணக் கூடாது. குகைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு வருவதற்கு. ஒரு பங்கு ஆபத்துக்கு. வாசலில் இருந்து அறுபடாத கயிறு வேண்டும். விளக்கு ஒன்று போதாது, மூன்று வேண்டும். முதலில் சில நாள் திறந்த கடலில் இறங்கிப் பழக வேண்டும், பிறகே குகை. கடைசி நாளில் தண்ணீரில் இறங்கக் கூடாது. முக்குளித்த பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடலில் கரைந்த வாயு குமிழி விட்டு ஆளை முடக்கிவிடும்.

முத்துக் குளிப்பவரின் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வது உண்டு. கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எவன் சம்மதிப்பான்! பழகிய, நம்பிக்கையான துணை இல்லாமல் இறங்காதே என்பதே அதன் பொருள்.

கடைசிக் காலம்

கூஸ்தோவின் முதுமையில் துயரங்கள் வந்தன. 1979-ல் இளைய மகன் பிலிப் விமான விபத்தில் இறந்தார். 1990-ல் சிமோன் மறைந்தார். 1996-ல் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு தோணி மோதி, கலிப்சோ மூழ்கியது.

1997-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, 87-வது வயதில், பாரிசில் கூஸ்தோ காலமானார். அவரை அடக்கம் செய்த இடம், அவர் பிறந்த சிற்றூர். நீருக்கடியில் அத்தனை முறை போய்த் திரும்பியவர், படுக்கையில் வயது முதிர்ந்து இறந்தார். 1946-ல் பிழைத்தது மோரிசின் கையால். அதற்குப் பிறகு பிழைத்ததெல்லாம், அன்று கற்ற பாடத்தால்.