கைதட்டியவர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டார்களா? மேடையை ஆண்ட ஜீவாவின் கதை

தேர்தல் வந்துவிட்டால் டெலிவிஷனில் விவாதம் தொடங்கிவிடும்.

டோல்கேட்டில் வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளி, மனைவி மக்களோடு அதைப் பார்க்கிறார். ஒருவர் பேசுகிறார். இன்னொருவர் மறுக்கிறார். மூன்றாமவர் இருவரையும் விடச் சத்தம் போடுகிறார்.

நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டில் ஒரு கேள்வி பிறக்கிறது. நன்றாகப் பேசியது யார்?

இந்தக் கேள்வி புதிது அல்ல. சென்னைக்கு டெலிவிஷன் வந்தது 1975-ம் ஆண்டில்தான். அதற்கு முன்பு திடல்தான் டெலிவிஷன். இதே வடசென்னை மக்கள் திடலில் மணலைக் கூட்டி உட்கார்ந்து பேச்சைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பேசியவருக்கு மனதுக்குள் மார்க்கும் போட்டார்கள்.

டோல்கேட்டில் இருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே போனால் தண்டையார்பேட்டை வரும். அதையும் தாண்டினால் வண்ணாரப்பேட்டை. 1952-ம் ஆண்டு அந்தத் தொகுதியில் ஒருவர் தேர்தலுக்கு நின்றார். கருத்த மேனி. அடர்ந்த மீசை. இடி போன்ற குரல்.

அவர்தான் ஜீவா என்கிற ப.ஜீவானந்தம்!

காந்தியுடன் வாதம்

ஜீவா 1907-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந்தேதி பூதப்பாண்டியில் பிறந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. ஜீவானந்தம் என்ற பெயர் பின்னால் வந்தது. தனித்தமிழ் மீது ஆசை பிறந்தபோது அதையும் மாற்றி, உயிரின்பன் என்று சில காலம் வைத்துக்கொண்டார்.

இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறினார். காரைக்குடி அருகே சிராவயலில் ஆசிரமம் நடத்தினார். நூல் நூற்றார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

1927-ம் ஆண்டு காந்தியடிகள் தமிழ்நாட்டுக்கு வந்தார். வர்ணாசிரமத்தைப் பற்றிக் காந்தி சொன்ன கருத்தை 20 வயது ஜீவாவால் ஏற்க முடியவில்லை. தம் மறுப்பைக் கடிதமாக எழுதினார். காந்தியோ சிராவயலுக்கே வந்து அந்த இளைஞரைப் பார்த்தார்.

உமக்குச் சொத்து எவ்வளவு என்று காந்தி கேட்டாராம். இந்த நாடுதான் என் சொத்து என்று ஜீவா சொன்னாராம். இல்லை, நீர்தான் இந்த நாட்டின் சொத்து என்று காந்தி திருத்தினாராம். இதை இன்றும் மேடைகளில் சொல்வார்கள்.

நாடே வணங்கிய தலைவரிடம் ஓர் இளைஞர் பணிவோடு மாறுபட்டார். அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

பேச்சும் சிறையும்

ஜீவாவின் பேச்சு அவரைப் பலமுறை சிறைக்கு அனுப்பியது. 1932-ம் ஆண்டு சட்டமறுப்பு இயக்கத்தில் சிறை. பின்னர், பகத்சிங் எழுதிய நூலைத் தமிழில் கொடுத்ததற்காகவும் சிறை.

பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் முன்னணியில் நின்றார். சமதர்மக் கொள்கையில் கருத்து வேறுபாடு வந்தது. விலகினார். பிறகு கம்யூனிஸ்டு ஆனார். 1937-ம் ஆண்டு தோன்றிய ஜனசக்தி பத்திரிகையின் ஆசிரியர் அவரே.

அவர் மேடை ஏறினால் வெறும் அரசியல் மட்டும் இருக்காது. கம்பனும் வருவான். பாரதியும் வருவான். எழுதப் படிக்கத் தெரியாத துறைமுகத் தொழிலாளியும், மில் தொழிலாளியும் பாரதியின் பாட்டைத் திடலில் காதால் கற்றார்கள்.

ஜீவா தம் எதிரியின் கட்சியை முதலில் எடுத்துச் சொல்வார். பிறகுதான் மறுப்பார். குரல் ஓங்கும். கை வீசும். சட்டை வியர்வையில் நனையும். ஆனால் வாதம் அறுபடாது.

1952: மக்கள் போட்ட மார்க்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் வந்தது. வயது வந்த அனைவருக்கும் ஓட்டு!

எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள். ஓட்டுச்சீட்டை, பிடித்தவரின் பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டையில் ஜீவா வென்றார்.

அன்றைய சென்னை ராஜ்யம் பெரியது. ஆந்திரப் பகுதியும் மலபாரும் அதில் அடங்கும். சட்டசபையில் 375 இடங்கள். காங்கிரசுக்குத் தனி மெஜாரிட்டி கிடைக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள். ராஜாஜி முதல்-மந்திரி ஆனார்.

திடலில் பேசுவது வேறு. சபையில் பேசுவது வேறு. திடலில் கைதட்டல் கிடைக்கும். சபையில் எதிர்க்கேள்வி கிடைக்கும். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஆங்கிலம் என்று பல மொழிகள் ஒலித்த அந்தச் சபையில், தமிழ் ஆட்சிமொழி ஆகவேண்டும் என்று ஜீவா வாதாடினார். 1953-ம் ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்பது அந்தத் திட்டம். 1954-ம் ஆண்டு காமராஜர் முதல்-மந்திரி ஆனதும் அது கைவிடப்பட்டது. 1956-ம் ஆண்டு தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் நிறைவேறியது.

1957: அதே மக்கள், வேறு தீர்ப்பு

1957-ம் ஆண்டு தேர்தலில் ஜீவா மீண்டும் வண்ணாரப்பேட்டையில் நின்றார்.

பேச்சு குறையவில்லை. குரல் தேயவில்லை. ஆனால் ஜீவா தோற்றார்!

அவர் மட்டும் தோற்கவில்லை. ராஜ்யம் பிரிந்து சிறிதாகிவிட்டது. 205 இடங்களில் காங்கிரஸ் 151 இடங்களைப் பிடித்தது. கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது 4 இடங்கள்தான். காமராஜர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். மதிய உணவுத் திட்டம் பரவிக்கொண்டு இருந்தது. அந்த ஆட்சி நீடிக்கட்டும் என்று மக்கள் நினைத்தார்கள்.

அப்படியானால் ஜீவா மோசமாகப் பேசினாரா? இல்லை. பேச்சுக்கு மக்கள் கொடுத்த மார்க் வேறு. ஆட்சி யார் கையில் இருக்க வேண்டும் என்ற தீர்ப்பு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைய வாக்காளருக்குத் தெரிந்து இருந்தது.

முகம் பேசிய கதை

இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த அமெரிக்காவில் ஒரு புதுமை நடந்தது. ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற கென்னடியும் நிக்சனும் டெலிவிஷனில் நேருக்கு நேர் வாதம் செய்தார்கள். நாள்: 1960 செப்டம்பர் 26.

நிக்சன் முழங்கால் நோயால் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். முகம் வெளிறி இருந்தது. வியர்வை வேறு. கென்னடி பளிச்சென்று தெரிந்தார். நவம்பரில் மிகச் சிறிய வித்தியாசத்தில் கென்னடி ஜெயித்தார். அவர் சொன்ன வாதம் பெரிதா, அவர் முகம் பெரிதா என்று உலகம் இன்னும் பேசிக்கொண்டு இருக்கிறது.

ஜீவாவுக்குக் காமிராவும் இல்லை, முகப்பூச்சும் இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையே அவருக்குச் சாட்சியாக நின்றது.

ஒரே வேட்டி

தாம்பரத்தில் ஓர் எளிய குடிசையில் ஜீவா குடியிருந்தார். பள்ளிக்கூட விழா ஒன்றுக்காகக் காமராஜர் அந்தப் பக்கம் வந்தார். வழியில் ஜீவாவையும் அழைத்துப்போக அவர் வீட்டுக்கே போனார். கொஞ்சம் பொறுக்கும்படி ஜீவா உள்ளே இருந்து சொன்னாராம். காரணம், கட்ட வேண்டிய வேட்டி துவைத்துக் காய்ந்துகொண்டு இருந்தது! காமராஜர் மனம் கலங்கி, நல்ல வீடு ஒன்று தருவதாகச் சொன்னாராம். ஊரில் எல்லோருக்கும் வீடு கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஜீவா மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

சபையிலே இருவரும் எதிர் எதிர்க் கட்சி. ஆனாலும் ஒருவர் பேச்சில் மற்றவருக்கு மதிப்பு இருந்தது. ஏழைக்கு வீடு வேண்டும் என்று மேடையில் பேசியவர், அந்த ஏழையைப் போலவே வாழ்ந்தார். அதனால்தான் அவர் சொல் எடுபட்டது.

தோல்விக்குப் பிறகும் ஜீவா ஓயவில்லை. தாமரை என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். 1961-ம் ஆண்டு தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தை அமைத்தார். 1963-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 55.

இன்று வடசென்னையில் மின்சார ரெயில் நிற்கும் ஒரு நிலையத்தின் பெயர் வியாசர்பாடி ஜீவா. ஒருமுறை ஜெயிக்கவைத்து, மறுமுறை தோற்கடித்த வடசென்னை, அவரை மறக்கவில்லை.

அடுத்த முறை டெலிவிஷனில் வேட்பாளர்கள் மோதும்போது, டோல்கேட் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா? எதிரியின் வாதத்தை நேர்மையாகச் சொல்லி மறுத்தாரா? சொல்வது போல வாழ்கிறாரா?

மூன்றுக்கும் ஆம் என்றால், அவர் நன்றாகப் பேசினார். ஓட்டு யாருக்கு என்பது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய சங்கதி!