மனோகராவை மேடையேற்ற அவருக்குக் கடிதம் எழுத வேண்டும்

சங்கிலியால் கட்டப்பட்ட இளவரசன் சபை நடுவே நிற்கிறான். தாயின் சொல்லுக்காக இத்தனை காலம் அடங்கிக் கிடந்தவன், தாயே பொறுத்தது போதும் என்று சொன்னதும் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்கிறான். மனோகரா படத்தில் வரும் இந்தக் காட்சியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் ஜொகூரில் இருக்காது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் பார்த்த தாத்தாக்களும் உண்டு. கைப்பேசியில் பார்க்கும் பேரப்பிள்ளைகளும் உண்டு. இது யார் எழுதியது என்று கேட்டால் கலைஞர் மு. கருணாநிதி என்று உடனே பதில் வரும். 1954-ல் வந்த அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் அவர்தான். ஆனால் கதை அவருடையதல்ல. அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1895-ல், சென்னை மேடையில் மனோகரன் சங்கிலியை அறுத்துவிட்டான். நாடகத்தை எழுதி, மனோகரனாக நடித்தவர் ஓர் இளைஞர். அப்போது அவர் வக்கீலாகக்கூட ஆகியிருக்கவில்லை. அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார்.

1873-ல் சென்னையில் பிறந்தார். பம்மல் என்பது பல்லாவரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். குடும்பத்துக்குப் பூர்வீகம் அது. தந்தை விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் வேலை பார்த்தவர், புத்தகங்கள் பதிப்பித்தவர். வீடு நிறையப் புத்தகம். சிறுவன் சம்பந்தத்துக்கு நாடகம் பிடிக்கும், ஆனால் ஆங்கில நாடகம்தான். தமிழ் நாடகம் என்றால் ஏளனம். அந்தக் காலத்தில் படித்த குடும்பங்களில் இது சகஜம். தெருக்கூத்தும் கம்பெனி நாடகமும் கூத்தாடிகளின் வேலை. நல்ல வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் போகக்கூடாது. கூத்தாடி என்ற சொல்லே வசவாக இருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகக் குழு. பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு தம் சரச வினோதினி சபையோடு சென்னைக்கு வந்து நாடகங்கள் போட்டார். அவர் தொழிலால் வக்கீல். மேடையில் நின்றவர்களும் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். தெலுங்கில் இதைச் செய்ய முடியுமென்றால் தமிழில் ஏன் முடியாது என்ற கேள்வி கல்லூரி மாணவரான சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டது. 1891 ஜூலை 1-ஆம் தேதி சில நண்பர்கள் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். அவருக்கு வயது பதினெட்டு.

சபை என்றால் கம்பெனி அல்ல. கம்பெனியில் நடிகருக்குச் சம்பளம் உண்டு, ஊர் ஊராகப் போக வேண்டும், முதலாளி சொன்னதுதான் சட்டம். சபையில் அங்கத்தினர்கள் சந்தா கட்டினார்கள். நடித்தவருக்குக் கூலி கிடையாது. பகலில் கச்சேரி, பள்ளிக்கூடம், ஆபீஸ். மாலையில் ஒத்திகை. கமிட்டி கூட்டம், கணக்கு, நோட்டீஸ், டிக்கெட் எல்லாம் ஒழுங்காக நடக்கும். சம்பந்த முதலியார் சபையின் தமிழ்க் கண்டக்டர். பஸ் கண்டக்டர் அல்ல. நாடகத்தைத் தேர்ந்து, பாத்திரம் பிரித்து, ஒத்திகை பார்த்து, மேடையேற்றி முடிக்கும் வரை பொறுப்பேற்பவருக்கு அன்று அந்தப் பெயர்.

அவர் செய்த மாற்றங்களை இன்று சொன்னால் சாதாரணமாகத் தோன்றும். போட்ட நேரத்தில் திரை தூக்க வேண்டும். விடிய விடிய ஆடக்கூடாது. பாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்ட வேண்டும். பாடம் தெரியாமல் மேடைக்கு வரக்கூடாது. இறந்து விழுந்த பாத்திரம் ரசிகர்கள் கேட்டார்கள் என்பதற்காக எழுந்து இன்னொரு பாட்டுப் பாடக்கூடாது. அன்றைய மேடையில் இவை ஒவ்வொன்றும் சண்டை போட்டுப் பெற வேண்டிய காரியம்.

1893-ல் புஷ்பவல்லி. பிறகு 1895-ல் லீலாவதி சுலோசனாவும் மனோகராவும். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கினார்: ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான், மாக்பெத் மகபதி ஆனான், வெனிஸ் நகர வியாபாரி வாணீபுர வணிகன் ஆனான். சபாபதி என்ற நகைச்சுவை நாடகத்தில், எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்து, அசட்டுப் பணக்கார வீடுகளைச் சிரிக்க வைத்தே தோலுரித்தார். 1941-ல் ஏவிஎம் அதைப் படமாக எடுத்தது, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்னமும் வந்த அந்தப் படத்தைப் பார்த்து இன்றும் சிரிக்கலாம். மொத்தத்தில் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள். எல்லாமே முதல்தரம் என்று சொல்ல முடியாது. அவசரத்தில் எழுதியவையும் உண்டு. ஆனால் மனோகராவும் சபாபதியும் போதும், ஒருவர் பெயர் நிலைக்க.

அதே காலத்தில் லண்டனில் ஹென்றி இர்விங் என்ற நடிகர் லைசியம் நாடக அரங்கை நடத்திக்கொண்டிருந்தார். நடிகரும் அவரே, மேலாளரும் அவரே. அவருக்கு வரும் கடிதங்களைக் கவனிப்பதற்கென்றே பிராம் ஸ்டோக்கர் இருந்தார். பின்னாளில் டிராகுலா நாவலை எழுதியவர். இர்விங்குக்காகத் தாம் எழுதிய கடிதங்கள் ஐந்து லட்சம் இருக்கும் என்று அவர் கணக்கிட்டிருக்கிறார். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் சட்டமே நடிகர்களை நாடோடிகளோடு சேர்த்து எண்ணியது. 1895-ல் இர்விங்குக்கு சர் பட்டம் கிடைத்தது. ஒரு நடிகருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. மனோகரா சென்னையில் முதன்முதலாக அரங்கேறியதும் அதே ஆண்டுதான்.

சம்பந்த முதலியாருக்கு ஸ்டோக்கர் கிடையாது. கடிதமும் கணக்கும் அவர் தலையில்தான். நாடகங்களை அச்சிட்டு வெளியிட்டபோது, தம் அனுமதி இல்லாமல் யாரும் இதை மேடையில் ஆடக்கூடாது என்ற அறிவிப்பையும் சேர்த்தார். ஆட விரும்பும் கம்பெனியோ சபையோ எழுதிக் கேட்க வேண்டும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்த வேண்டும். 1898-ல் வக்கீலானவர் என்பதால் உரிமை என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். 1914-ல் இந்தியாவுக்குப் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்த பிறகு அவர் கை இன்னும் பலப்பட்டது.

இது பலருக்குக் கசந்திருக்கும். அன்றைய மேடையில் நாடகம் என்பது பொதுச் சொத்து. ஒரு கம்பெனியில் பாடம் கற்ற நடிகர் அடுத்த கம்பெனிக்குப் போகும்போது முழு நாடகத்தையும் மனத்தில் சுமந்துகொண்டு போவார். எழுதியவர் பெயர் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். சம்பந்த முதலியாருக்கு ஆறு வயது மூத்தவரான சங்கரதாஸ் சுவாமிகள் கொடுத்தது அப்படித்தான். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் ஊர் ஊராகப் பரவின. கடல் கடந்தும் போயின. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் கேட்கச் சொல்லவில்லை. 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார்.

சுவாமிகளின் வழி பெரிய மனதின் வழி, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேடைக்கு எழுதிப் பிழைக்கலாம், எழுதியவனைக் கேட்டுத்தான் ஆட வேண்டும் என்ற வழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் சம்பந்த முதலியாரின் கண்டிப்புக்கே பங்கு அதிகம். கூத்தாடி என்று ஏசப்பட்ட தொழிலுக்கு மரியாதை பேச்சால் மட்டும் வந்துவிடாது. ரசீது போட்டுப் பணம் கொடுத்தால்தான் வரும். அவருக்கு அந்தப் பணம் பிழைப்புக்குத் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வக்கீல் தொழில் இருந்தது, 1924 முதல் 1928 வரை சென்னை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். தேவை இல்லாதவர் விடாமல் கேட்டார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கேட்டு ஆடியவர்கள் குறைவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக இருந்த காலத்திலேயே மனோகராவை ஆடினார்கள், டி.கே. சண்முகம் மனோகரனாகப் பெயர் வாங்கினார். சுகுண விலாச சபை இலங்கைக்குப் பயணம் போய் நாடகம் போட்டது. அதைப் பார்த்து உந்தப்பட்ட யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கி, சம்பந்த முதலியாரைக் கடைசிவரை குருவாகவே கொண்டாடினார். சென்னையில் சபையின் மேடையில் ஏறியவர்களில் தீரர் சத்தியமூர்த்தி, சர் சி.பி. ராமசாமி ஐயர், பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் போன்றவர்கள் உண்டு. வேஷம் கட்டுவது கேவலம் என்று சொன்னவர்கள் அதற்கு மேல் பேச முடியவில்லை.

இவர்கள் எல்லோரையும்விட அவருக்கு நெருக்கமானவர் சி. ரங்கவடிவேலு. சபையில் பெண்கள் நடித்ததில்லை. ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள். சம்பந்த முதலியார் மனோகரன் என்றால் ரங்கவடிவேலு விஜயாள். இவர் அமலாதித்யன் என்றால் அவர் அபலை. இருவரும் வக்கீல்கள், இணைபிரியாத நண்பர்கள். பல நாடகங்களில் பெண் பாத்திரத்தை அவரை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதினார். 1920-களின் தொடக்கத்தில் ரங்கவடிவேலு இறந்துபோனார். அதன்பின் சம்பந்த முதலியாரின் மேடை வாழ்க்கை பழையபடி இல்லை. சபை நடந்தது, நாடகங்களும் நடந்தன. ஆனால் எதிரே நின்று பேச அந்த முகம் இல்லை. பல ஆண்டுகள் கழித்து ஆறு பாகங்களாக அவர் எழுதிய நாடக மேடை நினைவுகளில் ரங்கவடிவேலுவின் பெயர் வரும் இடங்களைப் படித்தால், கணக்கும் கண்டிப்புமாக இருந்த வக்கீலின் குரல் மாறிப்போவது தெரியும்.

பேசும் படம் வந்ததும் மற்ற நாடகக்காரர்களைப் போல முகம் சுளிக்காமல் அங்கும் போனார். 1936-ல் எடுத்த முதல் மனோகராவில், இளமையில் தாம் ஆடிய மகன் பாத்திரத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டு, தந்தை புருஷோத்தமனாக நடித்தார். அந்தப் படத்தை இன்று பேசுவாரில்லை. 1954-ல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் கண்ணாம்பாவும் வந்த படம் அதை மூடிவிட்டது. வசனத்தின் இடிமுழக்கத்தில் கதை எழுதியவர் பெயரும் அமுங்கியது. ஆனால் தாய் தடுத்த கை, தாய் சொன்னபின் எழுந்த கை என்ற அந்த முடிச்சு பழைய நாடகத்தின் முடிச்சேதான்.

முதுமையில் பார்வை மங்கியது. அப்போதும் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1959-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1964 செப்டம்பர் 24-ஆம் தேதி, 91 வயதில் காலமானார்.

அவர் நாடகங்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உரிமை முடிந்துவிடுவதால், இங்கேயும் தடை இல்லை. மதுரைத் திட்டத்தின் இணையத் தளத்தில் அவருடைய நாடகங்கள் சில இலவசமாகவே கிடைக்கின்றன. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ கோயில் திருவிழாவுக்கு மனோகராவைப் போட நினைக்கும் இளைஞர் மன்றம் இப்போது யாருக்கும் கடிதம் எழுதத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. நாடகம் நீளம், வெட்டிக் குறைத்தால்தான் ஓர் இரவில் முடியும். நோட்டீசில் ஆசிரியர் பெயர் போட ஒரு வரி ஒதுக்கினால் சரி.