காணாத பகையை வென்றவர்

எங்கள் திருக்கனூர்ப் பகுதியில் நாய்க்கடி என்றதும் முதியோர் பலரின் நினைவுக்கு வருவது, தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட 14 ஊசிகள்தாம். அந்த மருந்தின் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன்மீதான அச்சம் மட்டும் நிற்கவில்லை. அந்த அச்சத்தாலேயே கடிவாயில் சுண்ணாம்பையும் மிளகாய்த்தூளையும் அப்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவோரை நான் கண்டிருக்கிறேன். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண் இது. ஆயினும், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட பிரெஞ்சுக்காரர் லூயி பாஸ்டரின் பெயர், பால் பாக்கெட்டில் அச்சிட்ட ஒரு சொல்லின் பகுதியாகவே நம்மிடம் எஞ்சியிருக்கிறது.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று டோல் என்னும் சிற்றூரில், தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார், வளர்ந்தது ஆர்புவாவில். 1831-இல் அந்த வட்டாரத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்துக் குதறியது. கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கடிவாயைச் சுடுவதே அன்றைய வைத்தியம். அது நடந்தபோது பாஸ்டருக்கு எட்டு வயது. அந்தக் காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

அவர் கற்றது வேதியியல், மருத்துவம் அன்று. திராட்சை மது புளிப்பதையும் பட்டுப்புழு நோயுறுவதையும் ஆராய்ந்தவர். இடையில் மூன்று பெண் மக்களைப் பறிகொடுத்தார். அவர்களுள் இருவரை டைபாய்டு கொண்டுபோயிற்று. 1868-இல் பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தைச் செயலிழக்கச் செய்தது. வெறிநாய்க்கடி ஆராய்ச்சியைத் தொடங்கியபோது அகவை அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் அவருக்குப் புதியதொரு பகை எதிர்ப்பட்டது. மற்ற கிருமிகளை அவர் நுண்ணோக்கியில் கண்டிருந்தார். குடுவைச் சாற்றில் வளர்த்திருந்தார். இதுவோ கண்ணுக்கும் புலப்படவில்லை, குடுவையிலும் வளரவில்லை. காரணம் நமக்கு இன்று தெரியும். அது வைரஸ் என்னும் தீநுண்மி. உயிரணுவுக்குள் புகுந்தால் மட்டுமே பெருகும். நாயின் உமிழ்நீர் வழியே காயத்தில் இறங்கி, நரம்பு நுனியைப் பற்றி, நரம்பினூடே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஊர்ந்து செல்லும். நரம்புக்குள் பதுங்கிச் செல்வதால் உடலின் எதிர்ப்பாற்றல் விழித்தெழுவதில்லை. மூளையை அடைந்து, தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் ஏறத்தாழ மீட்பே இல்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகும்.

பாஸ்டர் பற்றிக்கொண்டது அந்த இடைவெளியைத்தான். குடுவைக்கு மாற்றாக முயலையே வளர்ப்புக் கலமாக்கினார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தினால் நஞ்சின் வீரியம் நாளுக்கு நாள் குறைவதை அவரும் உதவியாளர் எமில் ரூவும் கண்டனர். நன்கு உலர்ந்ததில் தொடங்கி, படிப்படியாக வீரியம் மிக்கதைச் செலுத்தினால், ஊர்ந்துவரும் நோய்க்கு முன்பே உடல் ஆயத்தமாகிவிடும் என்பது அவர் கணிப்பு.

1885 ஜூலை 6 அன்று, இரண்டு நாள்களுக்கு முன் 14 இடங்களில் கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரைத் தாய் அழைத்துவந்தார். ஊசி போடும் உரிமை பாஸ்டருக்கு இல்லை. மருத்துவர் கிரான்ஷே போட்டார். 13 ஊசிகளுக்குப் பின் சிறுவன் பிழைத்தான். அதே முறையை நாய்களிடம் போதிய அளவு சோதிக்காமலேயே சிறுவனிடம் கையாண்டார் என்பதைப் பிற்காலத்தில் வெளிப்பட்ட அவருடைய குறிப்பேடுகள் காட்டுகின்றன. இதை மறைத்துப் புகழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் பெல்லெத்தியே என்னும் சிறுமி வந்தாள். கடிபட்டு 37 நாள்கள் ஆகியிருந்தன. காலம் கடந்துவிட்டது என்று பாஸ்டருக்குத் தெரியும். தோற்றால் பழி வரும் என்பதும் தெரியும். ஆயினும் பெற்றோரைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. டிசம்பரில் அவள் இறந்தாள். மெய்ஸ்டரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சிறுமியே பாஸ்டரை நெருக்கமாக்குகிறாள்.

பாரிஸில் 1888-இல் அவர் பெயரால் ஆய்வு நிறுவனம் எழுந்தது. 1895 செப்டம்பர் 28 அன்று அவர் மறைந்தார். அந்த நாளே இன்று உலக ரேபீஸ் தினம். கடிபட்ட தென்னிந்தியர் இமயமலை அடுக்கிலுள்ள கசௌலிவரை செல்ல வேண்டியிருந்த நிலை, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதும் மாறியது. நம் முதியோர் அஞ்சும் வயிற்று ஊசி, கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து.

இப்போதைய தடுப்பூசி, ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் தயாராகிறது, கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. தோலுக்குள் செலுத்தும் முறையில், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களில் மீண்டும் வர வேண்டும். ஆழமான கடியாயின், காயத்தைச் சுற்றி எதிர்ப்புரத ஊசியும் தேவை. இவற்றுக்கெல்லாம் முன்பாக, கடிவாயைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்தத் தீநுண்மியைப் போர்த்தியிருப்பது கொழுப்பு உறை; சோப்பு அதைக் கரைத்துவிடும். அன்று ஆர்புவாவில் கொல்லன் இரும்பைக் காய்ச்சியபோது இது யாருக்கும் தெரியாது.