புகலிடம் அமைத்த பண்டிதை ரமாபாய்

பிறந்த வீடும் புகுந்த வீடும் கைவிட்டால் பெண்ணுக்குச் செல்லுமிடம் வேறொன்றும் இல்லாதிருந்த காலம் நம் நாட்டில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயர்குடிகள் எனப்பட்ட குடும்பங்களில் குழந்தை மணம் பரவலாக இருந்தது. கணவன் இறந்துவிட்டால், அவன் முகத்தையே சரியாக அறியாத எட்டு வயதுச் சிறுமியும் கைம்பெண் ஆனாள். அவளது தலை மழிக்கப்பட்டது. ஒருவேளை உணவே அவளுக்கு உரியது என விதிக்கப்பட்டது. கணவனின் இறப்புக்கு அவளே காரணம் எனப் பழி சுமத்தி, வசைமொழியும் அடியும் தந்த வீடுகளும் இருந்தன. அவள் அவ்வீட்டைவிட்டு வெளியேற எண்ணினாலும் போய்ச்சேர ஓர் இடமில்லை. பிழைத்துக்கொள்ள ஒரு தொழிலும் தெரியாது. அத்தகைய பெண்களுக்குப் புகலிடம் ஒன்றை எழுப்புவதற்காகக் கடல் கடந்து சென்று பொருள் திரட்டியவர் பண்டிதை ரமாபாய்.

இளமையும் கல்வியும்

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், கங்காமூலம் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, வடமொழியில் ஆழ்ந்த புலமை உடையவர். பெண்கள் வடமொழி கற்கலாகாது என்று ஊரார் கருதிய காலத்தில், அவர் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அம்மொழியைக் கற்பித்தார். அதனால் எழுந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாது காட்டில் குடில் அமைத்து வாழ்ந்தார். தாம் கற்றதை இலட்சுமிபாய் தம் மகளுக்குக் கற்பித்தார். விடியற்காலையில் தாயின் மடியிலிருந்தபடியே ரமாபாய் வடமொழிச் செய்யுள்களை மனப்பாடம் செய்தார்.

பின்னர் அக்குடும்பம் கோயில் கோயிலாகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தது. சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கைப்பொருள் தீர்ந்தது, பாத்திரங்களும் விற்றுப்போயின. பசியாலும் நோயாலும் தந்தையும் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். மூத்த சகோதரியும் சில காலத்தில் உயிர்நீத்தார். எஞ்சிய ரமாபாயும் அவர் அண்ணன் சீனிவாசரும் ஆயிரக்கணக்கான மைல் தொலைவு கால்நடையாகவே சென்றனர். உண்ண உணவும் உடுக்க மாற்று உடையும் இன்றிக் கழித்த அந்நாள்களை ரமாபாய் இறுதிவரை மறக்கவில்லை.

1878ஆம் ஆண்டு இருவரும் கொல்கத்தாவை அடைந்தனர். அங்கிருந்த அறிஞர்கள் இருபது வயதுப் பெண்ணின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்து, அவருக்குப் பண்டிதை, சரசுவதி என்னும் பட்டங்களை வழங்கினர். 1880இல் அண்ணனும் காலமானார். அதே ஆண்டில் ரமாபாய், விபின் பிகாரி மேத்வி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி வேற்றுமை பாராது மணந்தார். அவர்களுக்கு மனோரமா என்னும் மகள் பிறந்தாள். 1882ஆம் ஆண்டு பிப்ரவரியில் விபின் பிகாரி வாந்திபேதி நோய்க்கு இரையானார். இருபத்து நான்கு வயதும் நிரம்பாத ரமாபாய், கைக்குழந்தையுடன் தாமும் கைம்பெண் ஆனார்.

எண்ணம் உருவாதல்

அதே ஆண்டு ரமாபாய் புனே நகருக்கு வந்தார். பெண்கல்வியை வளர்க்கவும் குழந்தை மணத்தை எதிர்க்கவும் ஆரிய மகிளா சமாஜம் என்னும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். கல்வி நிலையை ஆராய அரசு அமைத்த ஹண்டர் குழுவின்முன் தோன்றி, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என்று எடுத்துரைத்தார். சொற்பொழிவுகளால் மட்டும் துன்புறும் பெண்ணின் நிலை மாறாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். கொடுமை நிகழும் வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியேற வேண்டுமெனில், அவளுக்கு முதலில் பாதுகாப்பான கூரை வேண்டும். அடுத்துக் கல்வியும் கைத்தொழிலும் வேண்டும். இவற்றை அமைக்கப் பெரும்பொருள் தேவைப்பட்டது. அப்பொருளைத் தர உள்ளூரில் அன்று பலர் முன்வரவில்லை.

மராத்தியில் தாம் எழுதிய ஸ்திரீ தர்ம நீதி என்னும் நூலை விற்றுக் கிடைத்த பணத்தைப் பயணச் செலவுக்குப் பயன்படுத்தி, 1883இல் ரமாபாய் மகளுடன் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் பயில வேண்டும் என்னும் அவரது விருப்பம், செவித்திறன் குறைந்து வந்தமையால் நிறைவேறவில்லை. அங்கு அவர் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் கற்றுக்கொண்டே வடமொழியும் கற்பித்தார்.

கடல் கடந்த நிதி திரட்டல்

ரமாபாயின் உறவினரான ஆனந்திபாய் ஜோஷி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்றுவந்தார். அவர் 1886ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்விழாவைக் காண ரமாபாய் அமெரிக்கா சென்றார். சில காலமே தங்க நினைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டில் இருந்தார். நகரந்தோறும் சென்று மகளிர் மன்றங்களிலும் தேவாலயங்களிலும் கல்விக்கூடங்களிலும் உரையாற்றினார். இடையிடையே மழலையர் கல்வி முறையையும் பயின்றார்.

இந்தியப் பெண்களின் நிலையை விளக்கி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887இல் பிலடெல்பியாவில் வெளிவந்தது. அம்மருத்துவக் கல்லூரியின் தலைவர் ரேச்சல் பாட்லி அதற்கு முன்னுரை எழுதினார். பட்டம் பெற்று நாடு திரும்பிய ஆனந்திபாய் அவ்வாண்டு பிப்ரவரியில் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.  நூலின் படிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. அதில் கிடைத்த வருவாய் புகலிடத்திற்கான முதற்பொருள் ஆயிற்று.

1887ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் தோன்றியது. ஊர்கள் பலவற்றில் ரமாபாய் வட்டங்கள் என்னும் சிறு குழுக்கள் கிளைத்தன. செல்வர் சிலரின் பெருங்கொடையை மட்டும் நம்பாமல், எளிய மக்கள் பலர் ஆண்டுதோறும் தரும் சிறு தொகைகளைக் கொண்டும் நிதி சேர்க்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் புகலிடத்தின் செலவை ஏற்பதாகச் சங்கம் உறுதியளித்தது. எவ்வளவு வந்தது, எவ்வாறு செலவாயிற்று என்பதை ஆண்டறிக்கைகள் வாயிலாக வெளியிட்டது. முன்பின் கண்டறியாத பெண்களுக்காகத் தொலைநாட்டு மக்கள் தொடர்ந்து பொருள் தந்தமைக்கு இவ்வொழுங்கும் ஒரு காரணமாகும்.

சாரதா சதனம்

1889ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் மும்பையில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. மிகச் சிலருடன் தொடங்கிய அவ்வில்லம் அடுத்த ஆண்டு புனே நகருக்கு மாறியது. கைம்பெண்கள் அங்கே எழுத்தும் கணக்கும் கற்றனர். ஆசிரியர் பணிக்குப் பயிற்சி பெற்றனர். மழித்த தலையில் மீண்டும் முடி வளர்ந்தது. அச்சமின்றி உண்ணவும் உறங்கவும் சிரிக்கவும் முடிந்தது. தொடக்க கால மாணவியருள் ஒருவர் கோதுபாய். எட்டு வயதில் கணவனை இழந்த அவர், 1893இல் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் செய்துகொண்டு ஆனந்திபாய் கார்வே எனப் பெயர் பெற்றார். கார்வே 1896இல் கைம்பெண்களுக்காக இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் மகளிர் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். உதவி பெற்று வளர்ந்த ஆனந்திபாய், அவ்வில்லத்திற்காகத் தாமும் நிதி திரட்டினார்.

சதனத்திற்குச் சோதனையும் வந்தது. அவரவர் தம் சமய ஒழுக்கப்படி அங்கு வாழலாம் என்று ரமாபாய் அறிவித்திருந்தார். ஆயினும் மாணவியர் சிலர் அவருடைய வழிபாட்டில் கலந்துகொண்டனர். விரும்பி வருவோரைத் தடுப்பது முறையன்று என்பது ரமாபாயின் கருத்து. பெற்றோரின் நம்பிக்கைக்கு அது மாறானது என்பது எதிர்த்தோரின் கருத்து. இதழ்களில் கண்டனங்கள் எழுந்தன. 1893இல், சதனத்திற்கு அறிவுரை கூறிவந்த மகாதேவ கோவிந்த ரானடே, ராமகிருஷ்ண பண்டார்கர் முதலியோர் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். பல ஆண்டுகள் பாடுபட்டு ஈட்டிய ஊராரின் நம்பிக்கையில் பெரும்பகுதி அன்று குலைந்தது. ஆயினும் போக்கிடமற்ற பெண்கள் தங்கினர். அவர்களுக்காக இல்லமும் தொடர்ந்து நடந்தது.

முக்தி இல்லம்

பத்து ஆண்டு உறுதிமொழி ஒருநாள் முடிந்துவிடும் என்பதை ரமாபாய் முன்னரே எண்ணிப் பார்த்தார். பிறர் தரும் பொருளை என்றும் எதிர்நோக்கியிருத்தல் கூடாது எனக் கருதி, புனேயை அடுத்த கேட்காவ் என்னும் ஊரில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் வாங்கினார். கிணறுகள் தோண்டிப் பழமரங்கள் நட்டார்.

1896ஆம் ஆண்டு நடு மாகாணங்களில் பஞ்சம் தோன்றியது. தம் இளமைக்காலப் பசியை நினைவுகூர்ந்த ரமாபாய் அங்கே விரைந்தார். பஞ்சத்தில் ஆதரவிழந்த பெண்களையும் சிறுமியரையும் தீயோர் கவர்ந்து செல்வதைக் கண்டு வருந்தினார். ஏறத்தாழ 300 பேரை மீட்டு அழைத்து வந்தார். புனேயில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தமையால், அவர்கள் கேட்காவ் பண்ணைக்கே அனுப்பப்பட்டனர். அங்கு முதலில் எழுந்தவை குடிசைகளே. 1898இல் அவ்விடத்தில் முக்தி இல்லத்திற்கு அடித்தளம் இடப்பட்டது. அவ்வாண்டே ரமாபாய் மீண்டும் அமெரிக்கா சென்று, பத்தாண்டுப் பணியின் விளைவைச் சங்கத்தாருக்கு விளக்கினார். அவர்கள் தம் சங்கத்தைப் புதுப்பித்து உதவியைத் தொடர்ந்தனர்.

1900ஆம் ஆண்டளவில் முக்தி இல்லத்தில் வாழ்ந்தோர் எண்ணிக்கை 1500ஐத் தாண்டியது. நெசவு, தையல், பால்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், உழவு, அச்சுக்கோத்தல் எனப் பல தொழில்களைப் பெண்களே கற்று நடத்தினர். பார்வையற்றோர்க்குப் புடையெழுத்து முறையில் கல்வி அளிக்கப்பட்டது. கைவிடப்பட்டோருக்கும் முதியோருக்கும் தனித்தனி இல்லங்கள் அமைந்தன. புதிதாக வந்த சிறுமியைப் பேணும் பொறுப்பு, முன்னரே வந்து தேறிய பெண் ஒருத்திக்கு அளிக்கப்பட்டது. அடைக்கலம் தேடி வந்தவர்களே பிறருக்கு அடைக்கலம் ஆயினர்.

இறுதிக்காலம்

ரமாபாய் தம் பிற்காலத்தில் விவிலியத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்ப்பதில் ஈடுபட்டார். 1919இல் அன்றைய அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. தம் பணிகளில் துணைநின்ற மகள் மனோரமா 1921இல் இறந்தார். அத்துயரைத் தாங்கி ஓராண்டும் நிறையுமுன், 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாயும் மறைந்தார். 1989இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. கேட்காவ் முக்தி இல்லம் இன்றும் பணியாற்றி வருகிறது.

ரமாபாயின் காலத்தில் வீட்டுக்குள் நிகழும் கொடுமை குடும்பத்தின் சொந்தச் செய்தியாகவே கருதப்பட்டது. இன்று பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005 நடைமுறையில் உள்ளது. துன்புறும் பெண் 181 என்னும் எண்ணையும், சிறுவர் சிறுமியர் 1098 என்னும் எண்ணையும் அழைத்து உதவி பெறலாம். ஆயினும் சட்டத்தின் துணையை நாடி வெளியே வரும் பெண்ணுக்கு, அன்றிரவு தங்க ஓர் இடமும் மறுநாள் உண்ண உணவும் அதன்பின் பிழைக்க ஒரு தொழிலும் இன்றும் தேவை. அவற்றைத் தருவது அரசின் கடமை. அதற்குத் தோள் கொடுப்பது அண்டை அயலாரின் கடமை.

சொற்பொருள்

புகலிடம் – பாதுகாப்பான தங்குமிடம்
கைம்பெண் – கணவனை இழந்தவள்
வாந்திபேதி – காலரா நோய்
கொள்ளைநோய் – விரைந்து பரவிப் பலரைக் கொல்லும் நோய்
புடையெழுத்து – பார்வையற்றோர் தொட்டு உணர்ந்து படிக்கும் எழுத்து

பயிற்சி

1. துன்புறும் பெண்களுக்குச் சொற்பொழிவுகள் மட்டும் போதா என ரமாபாய் எண்ணியது ஏன்?
2. ரமாபாய் சங்கம் எவ்வாறு நிதி திரட்டியது? மக்களின் நம்பிக்கையை எவ்வாறு பெற்றது?
3. 1893இல் எழுந்த கருத்து வேறுபாட்டில் இரு தரப்பினரின் எண்ணங்களையும் உம் சொற்களில் எழுதுக.
4. ரமாபாய் கேட்காவில் நிலம் வாங்கியதன் நோக்கம் யாது?
5. பிரித்து எழுதுக: கண்டறியாத, அவ்விழா, புகலிடம்.
6. உம் பகுதியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் அமைப்புகளைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.