ஆல்பிரட் பினே

வயல்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில ஒரு மழைக்கே விளையும். சிலவற்றிற்கு ஏரும் எருவும் மிகுதியாக வேண்டும். மண்ணின் இயல்பறிந்து பாடுபடுபவனே நல்ல உழவன். பள்ளிப் பிள்ளைகளும் வயல்களைப் போன்றவரே. கல்வியில் பின்தங்கிய பிள்ளைகளை இகழ்ந்து ஒதுக்காமல், அவர்கட்கு வேண்டிய துணை யாது என ஆராய்ந்த அறிஞர் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவரே ஆல்பிரட் பினே என்பார்.

இவர் 1857-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் நீசு நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், தாயார் ஓவியம் வல்லவர். பினே முதலில் சட்டம் பயின்றார். எனினும் அவர் உள்ளம் உளநூலையே நாடியது. பாரிசு மாநகரின் தேசிய நூலகத்தில் அமர்ந்து, ஆசிரியர் துணையின்றித் தாமே அந்நூல்களைக் கற்றார்.

பின்னர்ச் சார்க்கோ என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் சேர்ந்து அறிதுயில் பற்றி ஆராய்ந்தார். காந்தத்தை அசைத்தால் நோயாளியின் உணர்வுகள் மாறும் என்று எழுதினார். ஆய்வாளர் எதிர்பார்ப்பதை அறிந்தே நோயாளிகள் அவ்வாறு நடந்தனர் என்பதைப் பிறர் மெய்ப்பித்தபோது, பினே தம் பிழையை ஒப்புக்கொண்டார். ஆராய்வோனின் விருப்பமே முடிவைத் திரித்துவிடும் என்னும் உண்மையை அவர் அன்று கற்றார்.

சார்போன் பல்கலைக்கழகத்தின் உளநூல் ஆய்வுக்கூடத்தில் 1891-இல் சேர்ந்து, 1894-இல் அதன் தலைவரானார். தம் மகளிர் இருவரும் சிந்திக்கும் முறையைக் கூர்ந்து நோக்கி, ஒரே வீட்டில் வளரும் குழந்தைகளும் அறிவின் போக்கால் வேறுபடுவர் என உணர்ந்தார். பள்ளிப் பிள்ளைகளின் தலையை அளந்து அறிவை மதிப்பிடவும் முயன்றார். அம்முறை பயனற்றது எனக் கண்டதும் அதனைக் கைவிட்டார்.

பிரான்சு நாட்டில் 6 முதல் 13 வயது வரை கல்வி கட்டாயம் என 1882-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதனால் எல்லா வகைப் பிள்ளைகளும் பள்ளி புகுந்தனர். கற்க இடர்ப்படுவோரைக் கண்டறிய வழி தேடி, 1904-ஆம் ஆண்டில் அரசு ஒரு குழு அமைத்தது. அதில் பினேயும் ஓர் உறுப்பினர். அக்காலத்தில் ஒரே பிள்ளையை மருத்துவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையாகக் குறித்தனர். குறும்பு செய்யும் பிள்ளையை வகுப்பினின்று நீக்க விரும்பி, அறிவு குறைந்தவன் என ஆசிரியர் கூறிவிடவும் கூடும். ஒருவரின் விருப்பு வெறுப்பால் ஒரு பிள்ளையின் வாழ்வு கெடலாகாது எனப் பினே கருதினார்.

ஆகவே, தியோடர் சீமோன் என்னும் மருத்துவருடன் கூடி, 1905-இல் 30 தேர்வுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தார். எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லுதல், இரு எடைகளை ஒப்பிடுதல், படத்திலுள்ள பொருள்களின் பெயர் கூறுதல் முதலியன அவற்றுள் அடங்கும். 1908-இல் அவற்றைத் திருத்தி, 3 வயது முதல் 13 வயது வரை வயதுக்கேற்ப வகுத்தார். பார்வையோ செவியோ குன்றிய பிள்ளையை மந்தன் எனக் கருதிவிடாதவாறு அவற்றையும் ஆராய வேண்டும் என வற்புறுத்தினார்.

கண்டறிவது கைகொடுத்தற்கே என்பது அவர் கொள்கை. பின்தங்கிய பிள்ளைகட்கு 15 முதல் 20 பேர் கொண்ட சிறு வகுப்புகள் வேண்டும் என்றார். பாடத்திற்கு முன், கற்கும் ஆற்றலை வளர்க்க விழைந்தார். சிலைபோல் அசையாது நிற்றல், பல பொருள்களைச் சில நொடி நோக்கி நினைவில் எழுதுதல் முதலிய பயிற்சிகள் விளையாட்டாகவே நடைபெற்றன. சிறப்பு வகுப்புகள் அமைக்கும் சட்டமும் 1909-இல் பிறந்தது. அறிவு பிறவியோடு நின்றுவிடுவதன்று, பயிற்சியால் வளர்வது என அவர் உறுதியாக நம்பினார்.

பினே 1911-ஆம் ஆண்டில், தம் 54-ஆம் வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே நுண்ணறிவு ஈவு என்னும் கணக்கைச் செருமானிய அறிஞர் ஒருவர் வகுத்தார். அமெரிக்காவில் சிலர் பினேயின் அளவுகோலைக்கொண்டே மக்களைப் பிறவியில் அறிவு குன்றியோர் என முத்திரையிட்டு ஒதுக்கினர். ஏணியாகச் செய்த பொருள் வேலியாக மாறியது.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் மெல்லக் கற்கும் தோழர் இருப்பின் எள்ளி நகையாடாதீர்கள். அருகில் அமர்ந்து கைகொடுங்கள். அதுவே பினே காட்டிய நெறியாகும்.