டிக்கன்ஸ் போட்ட பிளான்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று சங்கத்திலிருந்து சொன்னார்கள். கான்கிரீட், கம்பி என்று எழுதினால் சிவில்காரர்களே படிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, கட்டடம் டிசைன் பண்ணிப் பிழைக்கும் நான், கதை டிசைன் பண்ணின ஒருவரைப் பற்றி எழுதத் துணிகிறேன். வேறு யாருமில்லை, சார்லஸ் டிக்கன்ஸ்தான். பள்ளிக்கூடத்தில் 'நான்-டீட்டெயில்' புத்தகமாகச் சுருக்கித் தரப்பட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே நம்மில் பலர் மறந்துபோன அதே டிக்கன்ஸ்.

அவருடைய கதைகளைவிட என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டவை, கதை எழுதுவதற்கு முன் அவர் தமக்காக எழுதி வைத்துக்கொண்ட தாள்கள். அவற்றை அப்படியே படம் பிடித்து ஹாரி ஸ்டோன் என்ற ஆய்வாளர் 1987-இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். ஒரு நூலகத்தில் அதைப் புரட்டியபோது, இலக்கியப் புத்தகம் மாதிரியே இல்லை. சைட் ஆபீஸில் மேஜை மேல் கிடக்கும் ஷீட்டுகள் மாதிரி இருந்தது. அடித்தல், திருத்தல், அடிக்கோடு, அங்கங்கே கூட்டல் கழித்தல்!

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1812 பிப்ரவரி 7-ஆம் தேதி போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார். தந்தை கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. கை தாராளம், வரவு செலவு கட்டுப்படாது. 1824-இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பூட்ஸ் பாலிஷ் கம்பெனியில் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டப் போனது. பிறகு சுருக்கெழுத்து கற்று, பார்லிமெண்ட் விவாதங்களை எழுதும் நிருபரானார். வேகமான கை அங்கே வாய்த்தது.

அந்த வேகம்தான் அவருடைய முதல் மூலதனம். 1836-இல் சாப்மன் அண்ட் ஹால் என்ற பதிப்பகத்தார் 24 வயது டிக்கன்ஸிடம் வந்தது நாவல் கேட்டு அல்ல. ராபர்ட் சீமூர் என்ற ஓவியர் வேடிக்கைப் படங்கள் வரைவார், மாதாமாதம் அவற்றுக்கு ஒட்டுப்போட எழுத்து வேண்டும், அவ்வளவுதான். டிக்கன்ஸ் பேசிப் பேசி விஷயத்தைத் தலைகீழாக்கினார். எழுத்து முதலில், படம் பின்னால் என்று ஆயிற்று. இரண்டாவது இதழ் தயாராகும்போதே, ஏப்ரல் 20-ஆம் தேதி, சீமூர் தற்கொலை செய்துகொண்டார். தொடர் நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். டிக்கன்ஸோ 24 பக்கத்தை 32 ஆக்கி, படங்களை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்துத் தொடர்ந்து எழுதினார். நாலாவது இதழில் சாம் வெல்லர் என்ற குறும்புக்கார வேலைக்காரன் வந்து சேர்ந்தான். தொடக்கத்தில் ஆயிரம் பிரதி அச்சிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' முடியும்போது 40,000 பிரதி போனது.

இதில் பிளான் எங்கே? ஒன்றும் கிடையாது! அந்த மாதம் தோன்றியதை அந்த மாதம் எழுதினார். அது முடிவதற்குள் 'ஆலிவர் ட்விஸ்ட்' என்ற இன்னொரு தொடரையும் ஆரம்பித்து இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டினார். 1837 மே மாதம் மைத்துனி மேரி ஹோகார்த் பதினேழு வயதில் திடீரென்று இறந்தபோதுதான் கை நின்றது. ஒரு மாதம் இரண்டு தொடரும் வரவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வார இதழில் வந்த தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்த அத்தைகள், பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். அவர்களுக்கு இது உடனே புரியும். தொடராக எழுதுகிறவர் முதல் அத்தியாயத்தைத் திருத்த முடியாது. அது அச்சாகி, விற்று, படித்தும் முடித்தாயிற்று. எங்கள் பாஷையில் சொன்னால் ஃபவுண்டேஷன் கான்கிரீட் போட்டாயிற்று, மேலே எத்தனை மாடி என்று இன்னும் தெரியாது. டிக்கன்ஸ் தம் 15 நாவல்களையும் இப்படித்தான் எழுதினார்.

வழிதவறிய இடங்களும் உண்டு. 1840-இல் தாமே நடத்திய வாரப் பத்திரிகையின் விற்பனை விழுந்தபோது, சிறுகதையாக ஆரம்பித்த ஒன்றை அவசரமாக நாவலாக நீட்டினார். 'தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' அதுதான். 'நான்' என்று கதை சொல்லிக்கொண்டிருந்த கிழவர் மூன்றாவது அத்தியாய முடிவில் வாசகரிடம் விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறார். அப்புறம் அவர் கதை சொல்வதே இல்லை! 'மார்ட்டின் சசில்விட்' வந்த 1843-இல் விற்பனை 20,000 அளவில் படுத்துக்கொண்டது. உடனே கதாநாயகனைக் கப்பலேற்றி அமெரிக்கா அனுப்பினார். கூடுதலாக விற்றது சுமார் 3,000 பிரதிதான். அமெரிக்கர்களின் கோபம் இலவச இணைப்பு.

இதற்குப் பிறகுதான் மாற்றம். 1846 கோடையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உட்கார்ந்து 'டாம்பி அண்ட் சன்' தொடங்கினார். இந்த நாவலிலிருந்துதான் ஒவ்வொரு மாத இதழுக்கும் முறையாக ஒரு தாள் கிடைக்கிறது. தாளைப் படுக்கைவாட்டில் வைத்து நடுவில் பிரித்துக்கொள்வார். வலது பாதியில் இதழ் எண், அத்தியாயத் தலைப்புகள், எந்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்ற குறிப்பு. பார்க்க ஒழுங்காக இருக்கும். இடது பாதியில்தான் வேடிக்கை. அது அவர் தம்மோடு பேசிக்கொள்ளும் இடம். இந்த ஆளை இந்த மாதம் கொண்டுவரலாமா, அந்த ரகசியத்தை அவிழ்க்கலாமா என்று கேள்வி போடுவார். பக்கத்திலேயே பதில்: சரி, வேண்டாம், இன்னும் இல்லை, அடுத்த மாதம். சில பதில்களுக்கு அடியில் இரண்டு மூன்று கோடு.

எங்கள் தொழிலில் டிராயிங் வெளியிடும்போது முடிவாகாத பகுதியை மேகம் மாதிரி வளைத்துக் கட்டி 'ஹோல்டு' என்று போடுவோம். அந்த இடத்தில் காண்டிராக்டர் கைவைக்கக் கூடாது. டிக்கன்ஸின் இடது பக்கம் முழுக்க ஹோல்டுதான். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இங்கேதான். பிளான் என்றால் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு பண்ணுவது என்று நாம் நினைக்கிறோம். இந்த மனுஷன் எதை இன்னும் முடிவு பண்ணவில்லை என்பதையும் எழுதி வைத்தார்.

'டாம்பி'யில் சிறுவன் பால் சாகப்போகிறான், அவன் அக்கா ஃபுளோரன்ஸ்தான் பிற்பாடு கதையின் நடுநாயகம் என்பது தொடக்கத்திலேயே தீர்மானம். 1846 ஜூலையில் நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. சொன்னபடி ஐந்தாவது இதழில் பால் இறந்தான். எழுதிமுடித்த இரவு டிக்கன்ஸ் பாரிஸ் தெருக்களில் விடியும்வரை நடந்தாராம். ஆனால் அதே கடிதத்தில், வால்டர் கே என்ற நல்ல பையனை மெல்ல மெல்லக் கெட்டுப்போக வைப்பதாகவும் ஒரு யோசனை இருந்தது. அதைக் கைவிட்டார். தூண் நின்றது, உள்சுவர் மாறியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1849-50-இல் வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்டு' தாள்கள் இன்னும் சுவாரசியம். கதாநாயகன் பெயருக்கே டிராட்ஃபீல்டு, டிராட்பரி, காப்பர்பாய் என்று எழுதி எழுதிப் பார்த்துத்தான் காப்பர்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தார். முதலெழுத்துகளைத் திருப்பினால் தம்முடைய சி.டி. என்று ஃபார்ஸ்டர் சொன்னபோது அவரே திடுக்கிட்டுப் போனார்.

டேவிட்டின் குழந்தைத்தனமான மனைவி டோரா பிழைப்பாளா மாட்டாளா என்பது பல மாதம் ஹோல்டில் கிடந்தது. 1850 மே 7-ஆம் தேதி எழுதிய கடிதத்தில்கூட முடிவாகவில்லை, இன்றைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்கிற தவிப்பு தெரிகிறது. செப்டம்பர் இதழில் டோரா இறந்தாள். ஒரு கதாபாத்திரத்தின் உயிர் நாலைந்து மாதம் ஒரு துண்டுத் தாளில் ஊசலாடியிருக்கிறது!

இன்னொன்று. மிஸ் மவுச்சர் என்ற குள்ளமான பெண்ணைக் கெட்டவளாக்கும் உத்தேசத்தோடு அறிமுகப்படுத்தினார். அக்கம்பக்கத்தில் வசித்த அதே உருவமுள்ள ஒரு பெண்மணி, தன்னைத்தான் எழுதுகிறார் என்று மனம் உடைந்து கடிதம் போட்டார். டிக்கன்ஸ் வருத்தம் தெரிவித்தார். மூன்று மாதம் கழித்து வந்த இதழில் மிஸ் மவுச்சர் நல்லவளாகிவிட்டாள். அந்தப் பெண்மணியின் மானத்துக்காகப் பிளான் வளைந்துகொடுத்தது.

1854-இல் 'ஹார்டு டைம்ஸ்' வாரத் தொடர். மாதத்துக்கு 32 பக்கம் எழுதிப் பழகியவருக்கு வாரத்துக்குச் சில பத்திகளில் கதை சொல்ல மூச்சுமுட்டியது. என்ன செய்தார்? பழைய மாத இதழின் 16 பக்கம், புதிய பத்திரிகை அச்சில் பத்தேகால் பக்கம் என்று கணக்குப் போட்டார். கதையை ஐந்து மாதப் பகுதிகளாகப் பிளான் செய்து, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினார். இந்தத் தாளைப் பார்த்தால் எஸ்டிமேட் போட்ட எந்த ஆளும் சந்தோஷப்படுவான்.

1860-இல் தொடங்கிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு மாதவாரித் தாள்களே கிடைக்கவில்லை. பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த வேறொருவரின் தொடர் விற்பனையைக் குறைத்ததால், இருபது மாதத்துக்கு யோசித்திருந்த கதையை வாரத் தொடராக்கி அவசரமாக இறங்கினார். கிடைத்திருப்பவை பிற்பகுதிக்கான சில குறிப்புகள்தாம். பாத்திரங்களின் வயதுப் பட்டியல் ஒன்று. தேம்ஸ் நதியில் கடல் ஓதம் காலை 9 முதல் 3 வரை இறங்கும், 3 முதல் 9 வரை ஏறும் என்ற குறிப்பு இன்னொன்று. நாயகன் படகில் ஒருவரைத் தப்ப வைக்கும் கட்டத்துக்கு அது தேவை. போதாதென்று 1861 மே மாதம் ஒரு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்து, பிளாக்வாலிலிருந்து சவுத்தெண்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சைட் விசிட்! இவ்வளவும் செய்தவர், முடிவை மட்டும் நண்பர் புல்வர் லிட்டன் சொன்னார் என்று கடைசி நேரத்தில் மாற்றி எழுதினார். பழைய முடிவே மேல் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. நானும் அந்தக் கட்சி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'பிக்விக்' படிக்கும்போது வரும் சிரிப்பு பிந்தைய நாவல்களில் அத்தனை இல்லை. பிளான் போட்டு அந்த உல்லாசத்தைக் கொன்றுவிட்டார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுவயதில் அவர் சொல்ல விரும்பிய விஷயங்கள் வேறு. சிறை, கோர்ட், பணம், ஒரு ஊரையே பிடித்தாட்டும் பொய். அந்த எடைக்குப் பழைய அஸ்திவாரம் தாங்காது. வீட்டிலும் நிம்மதி இல்லை. பத்துப் பிள்ளைகள் பெற்ற மனைவி கேதரீனை 1858-இல் பிரித்து அனுப்பினார், அதையும் பத்திரிகையில் அறிக்கை விட்டு. அதில் அவர் பக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை.

வயதாக ஆகக் கை மெதுவானது. இளமைக் கையெழுத்துப் பிரதிகளில் திருத்தம் குறைவு. பிந்தையவற்றில் அடித்து எழுதியதை அச்சுக்கோப்பவர்கள் எப்படிப் படித்தார்களோ! தம்மேல் நம்பிக்கை குறைந்ததாலோ என்னவோ, 1864-இல் 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' வெளிவரும் முன் ஐந்து இதழ்களைக் கையிருப்பாக எழுதி வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார். பிக்விக் காலத்து ஆளுக்கு இது தேவைப்பட்டதே இல்லை.

1865 ஜூன் 9. ஃபோக்ஸ்டனிலிருந்து லண்டன் வரும் ரயிலில் டிக்கன்ஸ். ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே ஒரு சிறு பாலத்தில் மரக்கட்டைகளை மாற்றுவதற்காகத் தண்டவாளத்தைக் கழற்றியிருந்தார்கள். கப்பல் பயணிகளுக்கான அந்த ரயிலின் நேரம் கடல் ஓதத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். மேஸ்திரி வேறொரு நாளின் நேரத்தைப் பார்த்துவிட்டார். கொடிக்காரர் 1,000 கஜம் தள்ளி நிற்க வேண்டும், 554 கஜத்திலேயே நின்றார். பெட்டிகள் ஆற்றில் விழுந்து பத்துப் பேர் மாண்டார்கள். டிக்கன்ஸின் பெட்டி விளிம்பில் தொங்கியது. இறங்கி, தொப்பியில் தண்ணீர் மொண்டு, அடிபட்டவர்களுக்கு பிராந்தியும் தண்ணீருமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு அந்தத் தொங்கும் பெட்டிக்குள் மறுபடி ஏறினார். அடுத்த இதழின் கையெழுத்துப் பிரதி கோட்டுப் பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த இதழ் அச்சில் இரண்டரைப் பக்கம் குறைந்துபோனது.

அதன் பிறகு உடம்பு தேறவில்லை. மேடை ஏறித் தம் கதைகளைப் படித்துக் காட்டும் பயணங்கள் மிச்சசொச்சத்தையும் கரைத்தன. 1869-இல் 'எட்வின் ட்ரூட்' தொடங்கினார். பன்னிரண்டே இதழ். தாம் நடுவில் இறந்துபோனால் பதிப்பாளருக்கு நஷ்டஈடு என்ன என்று ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து. தாள்களும் வழக்கம்போல இரண்டு பாதியாக. ஆனால் முப்பது வருஷப் பழக்கமுள்ள கை, முதல் இரண்டு இதழ்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பக்கம் குறைவாக எழுதியிருந்தது அச்சானபிறகே தெரிந்தது. இரண்டாம் இதழின் ஒரு அத்தியாயத்தை முதல் இதழுக்கு இழுத்து ஒப்பேற்றினார்.

1870 ஜூன் 8 பகல் முழுக்க எழுதினார். மாலையில் சாப்பாட்டு மேஜையில் சரிந்தார். மறுநாள் மரணம். ரயில் விபத்து நடந்து சரியாக ஐந்து வருஷம். ஆறாவது இதழ் இரண்டு பக்கக் குறைவோடு வெளிவந்தது.

எட்வின் ட்ரூட் கொல்லப்பட்டானா, யார் கொன்றது, எப்படி அகப்படுவான்? தாளுக்குத் தாள் தேடியாயிற்று, எதிலும் இல்லை. தமக்குச் சொன்னதாக ஃபார்ஸ்டர் எழுதி வைத்ததை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். கதையை முடித்துவைக்க இதுவரை எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். இந்தத் தாள்களில் பெரும்பகுதி ஃபார்ஸ்டர் உயில் மூலம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குச் சேர்ந்தது. அந்தப் பக்கம் வேலையாக இருக்கும் நம் நண்பர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போனால், அசலையே பார்க்க வாய்ப்புக் கிடைக்கலாம். போனால் இடது பக்கத்தைப் பாருங்கள்.