கரியை நிறுத்தறிந்தவர்

புதுக்கடை நீதிமன்றங்களின் அயலில், வழக்கறிஞர்களின் அங்கிகளைத் தேய்த்த ஸ்திரிக்கைப் பெட்டிகளிற் சிரட்டைக் கரி கனன்ற காலத்தை நான் அறிவேன். எரிந்து சாம்பலாவதே கரியின் விதியென்பது பொதுவான எண்ணம். அதே கரியைச் செஞ்சூட்டில் நீராவியாற் பதப்படுத்தினாலோ, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் அதனுள்ளே எண்ணிறந்து திறந்துகொள்ளும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1000 சதுர மீற்றரையும் எட்டக்கூடும். முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவினின்று வீரரைக் காத்த முகமூடிகளிலும் சிரட்டைக் கரி இடம்பெற்றது. இக்கரியின் இயல்பை ஆராய்வதில் நெடுங்காலம் ஈடுபட்ட ஜேம்ஸ் வில்லியம் மக்பெயின் என்னும் பேரறிஞரின் வாழ்க்கையைச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

அவர் 1882-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திற் பிறந்தார். டொரன்டோவிலும் பின்னர் ஜெர்மனியிலும் கற்று, 1906-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆசிரியராய் அமர்ந்தார். கரி ஐதரசனை ஏற்கும் விதத்தை ஆராய்ந்து 1909-இல் வெளியிட்டார். வாயுவின் ஒரு பகுதி விரைந்து பரப்பிற் படிந்தது. மற்றொரு பகுதி மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவிற்று. புறத்துறிஞ்சலும் அகத்துறிஞ்சலும் ஒருங்கே நிகழக் கண்டவர், இரண்டையும் அடக்குவதற்கு ஆங்கிலத்திற் புதுச்சொல் ஒன்றை ஆக்க வேண்டியதாயிற்று. தமிழிலோ உறிஞ்சல் என்னும் பழகிய சொல்லே அதற்குப் போதும்!

சவர்க்காரக் கரைசலில் மூலக்கூறுகள் திரள் திரளாய்க் கூடுகின்றன என்று அவர் கூறியபோது, மூத்த அறிஞர் சிலர் எள்ளி நகையாடினர் என்பர். இன்று அது பாடநூற் செய்தி.

1926-இல் பக்ர் என்பவருடன் சேர்ந்து அவர் அமைத்த தராசே எனக்குப் பெருவியப்பு. மயிரிழை போன்ற படிகக்கல் நாரைச் சுருளாக்கி, அதன் நுனியிற் கரி வைத்த சிறு கிண்ணத்தைத் தொங்கவிட்டு, அனைத்தையும் மூடிய கண்ணாடிக் குழாயினுள் அடக்கினர். ஆவியை உட்செலுத்தியதும் கரி அதனைப் பற்றிக்கொள்ளும். பாரம் ஏறச் சுருள் நீளும். நீண்ட அளவைத் தூரத்திலிருந்தே தொலைநோக்கி வழியாக அளந்து எடையைக் கணித்துவிடலாம்.

ஆனால் எடையைக் காட்டும் தராசு, கரியின் பருமன் மாறுவதைக் காட்டாது. அம்மாற்றத்தை 1927-இல் மீஹன் என்பவர் அளந்து கூறினார். கெய்ரோவிற் பணியாற்றிய பாங்கமும் பக்கூரியும் பல ஆவிகளைக் கொண்டு அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். மதுசாரம், பென்சீன் முதலியவற்றின் ஆவியை உண்ட கரி சற்றே வீங்குகிறது. வீக்கம் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. திண்மம் தன் மேற்பரப்பின் இழுவிசையால் எப்போதும் சற்று ஒடுங்கியே இருக்கும்; மூலக்கூறுகள் படிந்ததும் அவ்விழுவிசை தளர, அது விரிகின்றது என்பது பாங்கத்தின் விளக்கம். 1947-இல் ஹெயின்ஸும் மக்கின்டோஷும் இதற்கு மாறானதொன்றையும் கண்டனர்: சில கரிகள் முதலிற் சுருங்கிப் பின்னரே விரிந்தன. மிகக் குறுகிய துளையில் நுழைந்த மூலக்கூறு இருபுறச் சுவர்களையும் தன்பால் இழுக்கின்றது. மேலும் பல வந்து நெருக்கியபின் சுவர்கள் விலகுகின்றன. கல்லெனக் கிடக்கும் கரி இத்துணை நெகிழ்வுடையதென்பதை யார் எதிர்பார்த்திருப்பர்?

மக்பெயின் 1927-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் சென்றார். வாயுக்களையும் ஆவிகளையும் திண்மங்கள் உறிஞ்சுவது பற்றிய அவரது பெருநூல் 1932-இல் வெளிவந்தது. 1947-இல் ஓய்வு பெற்றவரை இந்தியா அழைத்தது. அறுபத்தேழு வயதில், புதிதாய் விடுதலை பெற்ற நாட்டில், ஓர் ஆய்வுகூடத்தை அடியிலிருந்து கட்டியெழுப்ப இசைந்தவரின் துணிவை என்னென்பது! 1950 ஜனவரி 3-ஆம் நாள் புனே நகரில் நேரு திறந்துவைத்த தேசிய இரசாயன ஆய்வுகூடத்திற்கு அவரே முதல் இயக்குநர். 1952-இல் அப்பொறுப்பினின்று நீங்கி, மறு ஆண்டு மார்ச்சு மாதம் மறைந்தார். அவர் பெயரையும் பக்ரின் பெயரையும் தாங்கிய சுருள் தராசு, பின்வந்த ஆய்வாளர் பலரின் கைகளிலும் கரியை நிறுத்துக்கொண்டிருந்தது.